நால்வர் குடித்த கசகசாச் சர்பத்

அந்தி மயங்கும் வேளை. பாலாற்றின் ஈரமணலில் கடைசிச் செவ்வொளி தங்கி நிற்க, அக்கரைக் கோட்டையின் கொத்தளங்கள் ஒவ்வொன்றாக இருளில் அமிழ, இக்கரையில் முற்றுகையிட்டிருந்த தளபதி வல்லபராயரின் பாசறையில் தீவட்டிகள் ஏற்றப்பட்டன. அவருடைய கூடாரத்து வாசலில், மரத்தூண் ஒன்றில், கோட்டையின் ஒற்றன் மீரான் கட்டுண்டிருந்தான். நிலா எழுந்ததும் அவன் தலையை வெட்ட வேண்டுமென்பது கட்டளை. பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். நிலா எழ இன்னும் நான்கு நாழிகைதான் இருந்தது.

தளபதியின் இருமலுக்காக அழைத்து வரப்பட்ட யூனானி வைத்தியச்சி ஜைனம்பூ, அந்தத் தூணைத் திரும்பியும் பாராமல் உள்ளே நுழைந்தாள். பார்த்திருந்தால் அழுதிருப்பாள். அவனுக்கும் அவளுக்கும் நிக்காஹ் நிச்சயமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

“சாடியில் என்ன?” என்று உறுமினார் வல்லபராயர்.

“கசகசாக் காய்களை ஊறவைத்துக் கற்கண்டுப் பாகில் காய்ச்சிய சர்பத், தளபதியாரே. வறட்டு இருமலை அடக்கும், உறக்கமும் தரும். படுக்கப் போகுமுன் அரைக் கரண்டி அருந்துங்கள். அதற்கு மேல் ஆகாது.”

“அரைக் கரண்டிக்கு மேல் ஆகாததற்கு எங்கள் சீமையில் நஞ்சு என்று பெயர்!”

ஜைனம்பூ தானே அரைக் கரண்டி அருந்திக் காட்டினாள்.

“மாற்று மருந்து தின்றுவிட்டு வந்திருப்பாய். என் வாய்க்கு வருவதை முதலில் என் காவலர் நால்வர் குடிப்பார்கள். நிலா எழும்வரை பார்த்துவிட்டே நான் தொடுவேன். ஊற்றுங்களடா, குவளை குவளையாக!”

“குவளையா? வேண்டாம்! மூச்சே அடங்கிவிடும்!”

“பயத்தைப் பார்!” என்று இருமலுக்கிடையே சிரித்தார் அந்த மனிதர்.

வாசகர்களே, அந்தப் பயம் நடிப்பல்ல. நஞ்சு கலந்து கொடு என்று கோட்டைக்காரர்கள் மன்றாடியும், மருந்தைக் கெடுக்கமாட்டேன் என்று மறுத்தவள் அவள். உள்ளதைச் சொல்வேன், சந்தேகப் பிராணி கேட்கமாட்டார், தன் காவலருக்கே முதலில் ஊற்றுவார் என்று நம்பி வந்தவள். ஆளுக்கு இரண்டு கரண்டி என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள், குவளையை நினைக்கவேயில்லை. நல்ல வேளை, சாடி சிறியது. தளபதிக்கென்று அரைக் கரண்டி எடுத்து வைத்துவிட்டு, மீதியை நால்வருக்கும் பங்கிட்டதில் குவளையின் அடி நனைந்ததோடு சரி. அவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

தித்திப்பை நக்கிக் குடித்த நால்வரும் வாசலில் காவலுக்குத் திரும்பினார்கள். சாடியைக் கழுவிக்கொண்டு போகிறேன் என்று ஜைனம்பூவும் அந்தக் கரண்டியோடு வெளியே அமர்ந்தாள். வல்லபராயர் உள்ளே நாழிகை வட்டிலைப் பார்த்தபடி இருமிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாழிகை கழிவதற்குள் முதல் வேல் சரிந்தது. நால்வரும் சாய்ந்தபின், அவள் ஒவ்வொருவரின் மூச்சையும் தொட்டுப் பார்த்து, நாக்கு தொண்டையை அடைக்காதபடி பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைத்தாள். அதற்குப் பிறகே மீரானின் கட்டை அறுத்தாள்.

“எனக்கு முன் அவர்களுக்கா?” என்றான் அவன்.

“நோயாளிகள் முதலில். ஓடுங்கள்!”

நிலா எழுந்தபோது வல்லபராயர் வெளியே வந்தார். தூண் வெறுமையாக நின்றது. காவலர் நால்வரும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்த சாடியின் அருகில் ஒரு கரண்டி; அதில் சரியாகப் பாதியளவு சர்பத். பக்கத்து மணலில் விரலால் எழுதியிருந்தது:

‘உங்களுக்கு உரியது. இதற்கு மேல் ஆகாது.’

இருமல் நெஞ்சைப் பிளந்தது. கரண்டியை எடுத்தார், வாயருகே கொண்டுபோனார், நின்றார். அதைச் சுவை பார்க்க விழித்திருந்த காவலன் ஒருவனும் அங்கே இல்லை.