கரண்ட் இல்லாத மத்தியானங்கள்

மதுரை விளாங்குடியில் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வரும். மிக்சி, டிவி, மோட்டார், தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேன் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கிப்போகும். எங்கோ நாலு வீடு தள்ளி ஒரு டம்ளர் உருள்வதுகூடப் பக்கத்தில் உருள்வதுபோலக் கேட்கும். அப்படி ஒரு ஜூன் மாத மத்தியானத்தில், புளி கரைத்த கையோடு சமையலறையில் நின்றிருந்தபோதுதான் ஆனிமேரி அதை முதன்முதலாகக் கேட்டாள்.

டொக். டொக். டொக்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, மொட்டை மாடியிலிருந்து சுவரோடு இறங்கும் பழைய இரும்புக் குழாய்க்குள்ளிருந்து வந்தது. மாடித் தொட்டியில் காலையிலிருந்தே தண்ணீர் இல்லை. ஆனிமேரி தன்னை அறியாமல் எண்ணத் தொடங்கினாள். இருபது எண்ணி முடித்ததும் மறுபடி மூன்று. சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவர் லாசரிடம் சொன்னாள்.

"குழாய்ல காத்து பிடிச்சிருக்கும் ஆனி. நம்ம வீட்டுக் குழாய்க்கு நம்ம கல்யாணத்தைவிட வயசு சாஸ்தி."

"காத்து இருபது எண்ணிட்டா தட்டும்?"

லாசர் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த மகளின் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றப் போய்விட்டார்.

ஆனிமேரி இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவள். புத்தகத்தில் நிலநடுக்கம் ஒன்றரைப் பக்கம்தான். அவளோ பிள்ளைகளை மேஜைக்கு அடியில் குந்த வைத்து, தலையை மூடச் சொல்லி, மேஜைக்காலைப் பிடிக்கச் சொல்லி, அதை அரைமணி நேரப் பயிற்சியாக்கிவிடுவாள். ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரிப்பார்கள். "மொதல்ல வைகையில தண்ணி வரட்டும் டீச்சர். பூகம்பம் அப்புறமா வரட்டும்" என்பார் கணக்கு வாத்தியார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பயிற்சியை நிறுத்த மாட்டாள்.

வீட்டில் மகள் ஐரினுக்கும் அதே பாடம். எட்டு வயதில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கையில் ஸ்பூனோடு உட்கார்ந்திருப்பாள்.

"மாட்டிக்கிட்டா கத்தக் கூடாது. தூசி நெஞ்சுக்குள்ள போயிரும், தெம்பும் போயிரும். குழாயோ சுவரோ, எது கைக்கு எட்டுதோ அதுல மூணு தட்டு. இருபது எண்ணு. மறுபடி மூணு. பதில் வர்ற வரைக்கும் விடக் கூடாது."

"பதில் வந்தா?"

"எத்தனை பேரு உசுரோட இருக்கீங்களோ அத்தனை தட்டு."

"வெளிய இருக்கவங்க என்னம்மா செய்யணும்?"

"வாயை மூடிக்கிட்டு காதைக் கொடுக்கணும். அம்புட்டுத்தான்."

ஐரின் மூன்று தட்டுவாள். சிரிப்பை அடக்க முடியாமல், மூன்றாவது தட்டு முடிந்ததும் நகத்தால் மெல்ல ஒரு கீறு கீறுவாள். கிர்ர்.

"மூணுதான்டி சொன்னேன்!"

"இது நான்தான்னு உனக்குத் தெரிய வேண்டாமா?"

பதினெட்டு வயதில் ஐரின் ஒத்தக்கடைப் பக்கம் நர்சிங் படிக்கப் போனாள். விடுதியில்தான் தங்க வேண்டும் என்று விதி. நாலு மாடிக் கட்டடம். கண்மாயை மண் கொட்டி மூடி அதன்மேல் எழுப்பியது. சேர்க்கப் போன அன்றே ஆனிமேரி சுவரில் ஓடிய விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள். வீடு திரும்பிப் பெட்டி கட்டும்போது டார்ச், பிஸ்கட், தண்ணீர் பாட்டிலோடு ஒரு விசிலையும் வைத்தாள். "இதைக் கழுத்துல போட்டா என்னைய கண்டக்டர்ம்பாளுக" என்று ஐரின் விசிலை மட்டும் எடுத்து வீட்டுக் கதவின் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். அறைத்தோழி முத்துச்செல்விக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் மூன்று தட்டுப் பாடத்தை நடத்தியாயிற்று என்று அடுத்த வாரம் போனில் சொன்னாள். "எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாளுகம்மா. ஆனா கத்துக்கிட்டாளுக."

போன அக்டோபரில் ஒரு காலை, பதினோரு மணிக்குப் பூமி நடுங்கியது. விளாங்குடியில் அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன, அவ்வளவுதான். தெருவே வெளியே வந்து போனில் படம் பிடித்துச் சிரித்தது. மதுரை முழுக்க வேறெங்கும் பெரிதாக ஒன்றும் விழவில்லை. கண்மாய் மண்மேல் நின்ற அந்த ஒரு கட்டடம் மட்டும் உட்கார்ந்துவிட்டது. உள்ளே பதினான்கு பெண்கள்.

ஆனிமேரியும் லாசரும் போய்ச் சேர்ந்தபோது யானைமலையே தெரியாத அளவுக்குப் புழுதி. அவளுக்கு எல்லாம் தெரியும். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று இருபத்திரண்டு வருடம் சொல்லிக் கொடுத்தவள். ஆனால் அந்தக் கற்குவியலைக் கண்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஐரின், ஐரின் என்று மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள். மூன்று பத்துக்குத் தீயணைப்பு அதிகாரி இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஜேசிபிகள் நின்றன. கூட்டம் அடங்கியது. அவள் ஒருத்தி மட்டும் அடங்கவில்லை.

"ரெண்டு நிமிசம்மா. கீழ சத்தம் கேக்குதான்னு பாக்கணும். தயவுசெஞ்சு."

லாசர் அவள் வாயைப் பொத்தினார். அந்தக் கையைக் கடித்துவிட்டு அவள் கத்தினாள். அதிகாரி காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு கைகளை இறக்கினார். ஜேசிபிகள் மறுபடி உறுமின.

மறுநாள் பதினான்கு உடல்களையும் எடுத்தார்கள். "விழுந்த நிமிசமே போயிட்டாங்கம்மா. ஒருத்தரும் கஷ்டப்படலை" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஆனிமேரி வேலையை விட்டாள், சமைத்தாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள், மூச்சுவிட்டாள். அது பொய்யென்றால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

ஜூலை மாத மின்தடைக்கு அவள் காத்திருந்தாள். இடையில் பல நாள் வீட்டு மெயினை அணைத்துப் பார்த்தாயிற்று; பக்கத்து வீட்டு மிக்சியும் எதிர்வீட்டுப் பாட்டும்தான் கேட்டன. அன்று தெருவே அடங்கிக் கிடந்தது. மூன்று பத்துக்கு உள்ளங்கையைக் குழாய்மேல் வைத்தாள். வெயிலில் கொதிக்க வேண்டிய இரும்பு கிணற்றுக் கல்போலக் குளிர்ந்திருந்தது.

டொக். டொக். டொக்.

கிர்ர்.

கையை உதறிக்கொண்டாள். உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்தாள். நனைந்த சிமென்ட்.

பக்கத்து வீட்டு சுஃபியா கிண்ணத்தில் சேமியா கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "யா அல்லாஹ்! என்ன டீச்சர், இப்டி வேர்த்துக் கொட்டுது?"

"இந்தக் குழாயைத் தொட்டுப் பாரு சுஃபியா."

சுஃபியா தொட்டாள். இருபது எண்ணும் நேரம் சும்மா நின்றாள். பிறகு சட்டென்று கையை எடுத்துத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள்.

"ஒண்ணுமில்ல டீச்சர். ஒண்ணுமே கேக்கல." சேமியாக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினாள். "நான் வாரேன்."

அதன் பிறகு சுஃபியா அந்தச் சமையலறைக்குள் வரவே இல்லை.

ஆனிமேரி அன்று பதில் தட்டவில்லை. ஸ்பூனை எடுத்தாள், வைத்தாள். தட்டினால், எத்தனை பேர் என்று சொல்லிவிடுவாள் ஐரின். சொன்னால் டாக்டரின் வார்த்தை உடைந்துவிடும். தட்டாவிட்டாலோ, பதில் வர்ற வரைக்கும் விடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தது யார்? அடுத்த ஒரு மாதமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குடிக்க எடுத்த தண்ணீரில் மூன்று வளையம் விரியும். இருபது எண்ணியதும் மறுபடி மூன்று.

ஆகஸ்டில் கரண்ட் போன அன்று லாசர் வேலைக்குப் போகவில்லை. "நீ எங்க கூப்பிட்டாலும் வாரேன் ஆனி. அந்தக் குழாய்கிட்ட மட்டும் போகாத" என்று கெஞ்சினார். அவர் புறங்கையில் பல் பதிந்த தழும்பு இன்னும் வெளுத்துக் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

மூன்று பத்து.

தெருவில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. சமையலறைக்குள் சிமென்ட் வாசனை மெல்ல ஏறியது.

டொக். டொக். டொக்.

முன்னைவிட மெதுவாக. தெம்பு போன கை.

கிர்ர்.

ஆனிமேரி ஸ்பூனால் குழாயில் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

அந்தப் பக்கம் நின்றுவிட்டது. அவள் மூச்சைப் பிடித்தாள். குழாய் மட்டும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது, அழுகிற ஒருத்தி சாய்ந்திருப்பதுபோல.

பிறகு தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஒவ்வொரு தட்டும் வேறு வேறு கை. ஒன்று வளையல் சத்தத்தோடு. ஒன்று வெறும் விரல் முட்டியால். ஒன்று, கேட்டும் கேட்காமலும்.

ஒன்பது. பத்து.

போதும்மா. போதும்.

பன்னிரண்டு.

பதின்மூன்று.

பதின்மூன்றோடு நிற்கட்டும் என்று அவள் வேண்டினாள். தன் பிள்ளையாவது. தன் ஒரு பிள்ளையாவது அந்த நிமிசமே.

கிர்ர்.

பதினான்கு.

அப்போது கரண்ட் வந்தது. அன்று பார்த்து, சீக்கிரமே. ஃபேன் கடகடத்தது. அடுத்த வீட்டு மோட்டார் உறுமியது. தெரு முழுக்க டிவிகள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. அவள் ஓடிப்போய் மெயினை இறக்கினாள். போதவில்லை. செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடினாள்.

"நிறுத்துங்க! சத்தம் போடாதீங்க! எம்புள்ள தட்டுறா!"

சுஃபியா தன் வீட்டு மெயினை அணைத்தாள். எதிர்வீடு அணைத்தது. பயந்துபோன ஒவ்வொரு வீடாக அடங்கியது. மோட்டார்கள் நின்றன. டிவிகள் நின்றன. தூக்கம் கலைந்து பின்னால் ஓடிவந்த லாசர் அவள் வாயைப் பொத்தக் கையை நீட்டி, பொத்தாமல், அப்படியே நின்றார்.

தெருவில் ஒரே ஒரு சத்தம்தான் மிச்சம் இருந்தது. அது அவள் குரல். ஐரின், ஐரின் என்று மார்பில் அடித்துக்கொண்டு அவள் கத்திக்கொண்டே இருந்தாள். நிறுத்த நினைத்தாள், வாய் மூடவில்லை. மூன்று மணி வெயிலில் சுட வேண்டிய ரோடு அவள் வெறுங்காலுக்கு அடியில் சில்லென்று குளிர்ந்தது. அங்கிருந்து பாதம் வழியாக, எலும்பு வழியாக, மெதுவாக மேலே ஏறியது. மூன்று. அப்புறம், நகத்தால் ஒன்று.