மாப்பிள்ளை வண்டியின் இன்ஜின்

“அப்பா உள்ள இருக்காருன்னு இன்ஜினுக்குத் தெரியாதா மாமா?”

சாவு வீட்டில் தங்கை மகள் கேட்டாள். முதலாளி அவளை மடியில் இழுத்துவைத்து அழுதார். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள்.

அறுவடை வண்டியின் உருளையில் சிக்கிய வைக்கோலை எடுக்க ஆள் இறங்குவதுண்டு. அதனால் இன்ஜினைக் கிளப்பும் முன் தகரத்தில் ஸ்பானரால் தட்டி, “உள்ள யாரு?” என்று கேட்டுக் காத்திருப்பது தொழில் வழக்கம். ஒரு மூச்சு நேரம்தான். கடவுள் மனிதனிடம் கேட்பதும் இந்த அளவு இரக்கத்தைத்தான். அன்று மழை கறுத்து வந்தது, முதலாளி கேட்காமலே கிளப்பினார். பிறகு, “சொல்லாம இறங்கிட்டான்” என்று செத்தவன் தலையிலேயே பழியைப் போட்டார்.

மாப்பிள்ளையின் அந்த வண்டியை உடைத்து விற்றாயிற்று. இன்ஜினை மட்டும் தன் பழைய வண்டிக்கு வைத்துக்கொண்டார்.

“டீசல் பைப் சேரல முதலாளி, வேற வாங்கிட்டு வரேன்,” என்றான் மெக்கானிக். “அதுவரை உள்ள இறங்காதீங்க. ஆளைத் தின்ன இன்ஜின் இது.”

“பேட்டரி இல்லாம உங்க பாட்டன் வந்து சுத்துவாரா? போடா!”

அவன் போனபின் இன்ஜின்மேல் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் சூடு என்று சொல்லிக்கொண்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

தளர்ந்த போல்ட்டுகளை முடுக்க உருளைக்குள் இறங்கினார். மக்கிய வைக்கோலும் பழைய கிரீசும் கலந்த வாடை தொண்டையை அடைக்க, கூரைத் தகரத்தில் மழை இரைய, அந்த இரைச்சலுக்கு அடியில் ஈரக்கால்கள் சிமெண்டுத் தரையில் அவசரமில்லாமல் நடந்துவரும் சத்தம் கேட்டது.

“மெக்கானிக்கா?”

கால்கள் நின்றன.

டொக். டொக். டொக்.

“உள்ள யாரு?”

தெரிந்த குரல். கோபமே இல்லை. வாயைத் திறக்காவிட்டால்? திறந்தால்?

“நான்தான் மாப்ளே!” என்று கத்தினார். “நான்தான் அன்னிக்கு... குரல் குடுக்கல. உன்மேல பழி போட்டுட்டேன்.”

கேட்க வேறு யாரும் இல்லை.

ஒரு மூச்சு நேரம்.

தகர இடுக்கில் பார்த்தார். ஷெட்டில் ஆளில்லை. இன்ஜினையும் உருளையையும் இணைக்கும் பெல்ட் இன்னும் மாட்டப்படாமல் சுவர் ஆணியில் தொங்கியது.

முழங்காலுக்குக் கீழே, மெல்ல, உருளை திரும்பத் தொடங்கியது.