பக்கத்து சீட் பெல்ட்

பிரேக் வேலை முடிந்ததும் பல் டாக்டர் தன் கார் சாவியை நீட்டினார். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுங்க ஸ்பானர். பக்கத்து சீட்ல மட்டும் கை வைக்காதீங்க."

பட்டறையில் அவனை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக அடுத்தவர் கார்களுக்கு அடியில் படுத்தே முதுகு தேய்ந்தவன். அப்படியொரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டக் கிடைத்தது அன்றுதான். சீட்டுக்குக்கூட என்ன பவுசு என்று உள்ளுக்குள் சிரித்தபடி மகளுக்கு போன் போட்டான். "கண்ணு, தெருமுனைக்கு வந்து நில்லு. அப்பா எதுல வர்றேன்னு பாரு!"

மாலை வெயில் இன்னும் இறங்கவில்லை. பெரிய ரோட்டில் ஏறியதும் என்ஜின் உறுமிய உறுமலில் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த சிக்னலில் நின்றபோதுதான் அது ஆரம்பித்தது.

பீப். பீப். பீப்.

பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று விளக்கு எரிந்தது. சீட்டோ காலி.

"சென்சாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு," என்று முணுமுணுத்தான். டாக்டர் சொன்னது நினைவில்தான் இருந்தது. ஆனால் கை பழகிய கையாயிற்றே. இந்த நச்சரிப்பை நிறுத்த எந்த மெக்கானிக்கும் செய்வதை அதுவும் செய்தது. காலி சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான்.

சத்தம் நின்றது.

ஆனால் பெல்ட் சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றது. மெல்ல எழும்பியது. மெல்லத் தாழ்ந்தது.

மூச்சு விட்டது.

காருக்குள் ஈர மண்ணும் ரத்தமும் கலந்த வாடை. காதோரம் ஒரு குரல். "வேகமா போங்கண்ணே."

அவன் கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போனது. அவனே புதிதாக மாட்டிய பிரேக் நாலு விரல் தள்ளித்தான் இருந்தது. அங்கே காலைக் கொண்டுபோக முடியவில்லை.

தெருமுனை. காரைக் கண்டதும் மகள் குதித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள்.

"தள்ளிப் போடி கண்ணு!"

கண்ணாடி மூடிய காருக்குள் கத்தி என்ன பிரயோஜனம்? அவள் சட்டையை உரசாத குறையாகக் கார் பறந்தது.

பட்டறை வாசலில் அது தானாக நின்றது. மாட்டிய பெல்ட் கழன்று கிடந்தது. அவன் பக்கத்து சீட்டைக் கை காட்டியதுமே டாக்டருக்கு முகம் செத்துப்போனது.

"மாட்டிட்டீங்களா? ஆக்சிடென்ட் ஆன அன்னிக்கு நான்தான் ஓட்டினேன். பக்கத்துல என் தம்பி பெல்ட் போடல, செத்துட்டான். யாரும் அந்த பெல்ட்டை மாட்டாத வரைக்கும் சும்மாதான் இருப்பான். மாட்டி விட்டவங்களை விடமாட்டான்."

"இதுக்கு என்ன சார் வழி?"

டாக்டர் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

மறுநாள் காலை, மகளைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினான். அவனுடையது பழைய ஓட்டைக் கார். பெல்ட் உண்டு. எச்சரிக்கைச் சத்தமெல்லாம் அதில் கிடையவே கிடையாது.

பீப்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கப் பார்த்தான். கால் மரத்தது.

பீப். பீப்.

"ஐயோ, காது போகுதுப்பா!" மகள் பின்னாலிருந்து எட்டி முன் சீட்டு பெல்ட்டை இழுத்தாள். மெக்கானிக் பெற்ற பெண், அப்பாவின் குறுக்குவழியெல்லாம் அத்துப்படி. வேண்டாம் என்று கத்தப் பார்த்தான். நாக்கு புரளவில்லை.

க்ளிக்.

"நான் மாட்டிட்டேன்ப்பா," என்றாள் மகள். பிறகு காலி சீட்டின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டாள். சிரித்தாள்.

"சரிண்ணா. அப்பாவை வேகமா போகச் சொல்றேன்."