பாதியில் பிடுங்கிய வயர்

பேட்டரி இல்லாத போன் சூடாக இருந்தது. அதுதான் முதலில் உறுத்தியது.

பழைய இரும்புக்காரர் கொட்டிவிட்டுப் போன சாக்கில், நொறுங்கிய போன்களுக்கு நடுவே அது கிடந்தது. கம்பெனிப் பேர் இல்லை. பின்மூடி இல்லை. பேட்டரி இருக்க வேண்டிய பள்ளம் காலி. ஆனாலும் யாரோ இவ்வளவு நேரம் காதில் வைத்துப் பேசிவிட்டுக் கையில் கொடுத்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு. கடைக்காரன் அதை மேசையில் வைத்துவிட்டு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"மாமா, இது பூட்டு உடையுமா?" என்று எட்டிப் பார்த்தான் மச்சினன்.

"உன் வாய மூடறதுதான் மாப்ள கஷ்டம். மத்த எதையும் திறந்துடலாம்."

மச்சினன், கடைக்காரனுடைய மனைவிக்கு ஒரே தம்பி. தாயில்லாப் பிள்ளையை அவள்தான் தூக்கி வளர்த்தாள். கடையில் சேர்த்துவிட்ட அன்று, "அவனுக்கு ஒண்ணுன்னா நீங்க வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வாய்தான் சிரித்தது.

கம்பெனிக்காரன் போட்ட பூட்டை ஜெயில்பிரேக் செய்து உடைத்து, போனை இயக்கும் ஃபர்ம்வேரை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றிவிடுவதுதான் அந்தக் கடையின் பிழைப்பு. ஏறும்போது கணினித் திரையில் ஒரு பச்சைக் கோடு நீளும். அது முடியும்வரை வயரைத் தொடக் கூடாது. வந்த புதிதில் மச்சினன் ஒரு தடவை கால் இடறிப் பாதியில் பிடுங்கிவிட்டான். அந்தப் போன் எழுந்தது, கம்பெனிச் சின்னத்தைக் காட்டியது, அணைந்தது. மறுபடி எழுந்தது, அணைந்தது. சார்ஜ் தீரும்வரை அதே கூத்து. கடைக்காரன் அவன் பிடரியில் ஒன்று வைத்தான்.

"பாதியில புடுங்குனா உயிரும் இல்ல, சாவும் இல்ல. மண்டையில ஏத்திக்க."

இந்தப் போனின் சார்ஜ் துளையில் என்னவோ அடைத்திருந்தது. துரு என்று நினைத்துக் கடைக்காரன் ஊசியால் கிண்டினான். பழுப்புச் செதில் உதிர்ந்தது. கூடவே ஒரு முடி வந்தது. ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்த பஞ்சு சிவந்தது. அவன் கல்குவாரியில் வளர்ந்தவன். சம்மட்டி தவறி விழுந்த விரலின் வாசம் அவனுக்குத் தெரியும்.

வேண்டாம் என்றது நெஞ்சு. தொழில் செய்து பழகிய கை அதற்குள் வயரைச் செருகிவிட்டது.

டிங். போனைக் கண்டுகொண்டது கணினி. பச்சைக் கோடு தானாகவே நகரத் தொடங்கியது.

கடை வணிக வளாகத்தின் அடித்தளத்தில் இருந்தது. வெளியே சாயங்கால மழை. படிக்கட்டில் இறங்கும் தண்ணீர் உள்ளே வராமலிருக்க ஷட்டரைப் பாதி இறக்கி, அடியில் சாக்கைச் சுருட்டி வைத்திருந்தார்கள். சூடான ஈயத்தின் வாடை, ஈரச் சாக்கின் வாடை, அதற்கு அடியில் எங்கிருந்தோ அந்தக் குவாரி வாடை, மூன்றும் ஒன்றாகக் குழம்பித் தொண்டையில் நின்றன. உடைசல் போன்களைச் சுத்தியலால் தட்டிப் பிரிக்க மச்சினன் பின்னறைக்குப் போனான். டக். டக். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

போனின் திரையில் படம் வந்தது.

ஓர் அறை. மேலிருந்து தெரிந்தது. குண்டு பல்பு, மரப்பெஞ்சு, அதில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவன். அது மச்சினன்தான். பின்னறையில் கேமராவே கிடையாது.

படத்தில் அவனுக்குப் பின்னால், மூலையில், மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள் நின்றான். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். திரும்பத் திரும்ப அடித்து உள்ளே இறக்கிய பள்ளம்.

கடைக்காரன் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினான். மூலையில் ஒன்றுமில்லை. தரை காய்ந்திருந்தது.

"மாமா, டீ சொல்லவா?" திரும்பாமலே கேட்டான் மச்சினன்.

"வெளிய வா மாப்ள."

"இந்த ஒண்ணு முடிச்சுட்டு வரேன். நீ ஏன் பேயடிச்ச மாதிரி பேசற?"

கண் ஏமாற்றுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான். கோடு பாதியைத் தாண்டியிருந்தது. படத்தில் அந்த ஆள் பெஞ்சுக்கு ஓரடி பின்னால் நின்றான். கையில் சுத்தியல். கோடு நகர்ந்தால் அவனும் நகர்ந்தான். கோடு தயங்கினால் அவனும் தயங்கினான்.

"மாப்ள! வெளிய வாடா!"

பின்னறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளே இல்லாத கதவு. தோளால் இடித்தான். அசையவில்லை.

உள்ளே ஈரக் கல் பிளக்கும் சத்தம்.

"மா... மா..."

இன்னொன்று. கதவின் அடியில் சிவப்பு கசிந்து அவன் கால்விரலை நனைத்தது. சூடு. போனில் இருந்த அதே சூடு.

மேசைக்குப் பாய்ந்தான். கோடு முடிய நகக்கண் அளவு பாக்கி. படத்தில் சுத்தியல் உச்சியில் இருந்தது. யோசிக்கவில்லை. வயரைப் பிடுங்கினான்.

அமைதி. மழை மட்டும்.

கதவு தானாகத் திறந்தது. மச்சினன் தரையில் கிடந்தான். மண்டை இரண்டாகப் பிளந்து, ஒரு கண் கன்னத்தில் தொங்கியது.

மேசையில் போன் ஒளிர்ந்தது.

தரையில் கிடந்தவன் எழுந்தான். கண் உள்ளே போனது. எலும்பு கூடியது. பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"மாமா, டீ சொல்லவா?"

தலை வெடுக்கென்று முன்னால் போனது. அடிப்பவன் யாருமில்லை. அடி மட்டும் விழுந்தது. எலும்பு, ரத்தம், சுவர். விழுந்தான். போன் அணைந்தது.

ஒளிர்ந்தது. எழுந்தான்.

"மாமா, டீ சொல்லவா?"

அந்தப் போனில் தீர்ந்துபோகப் பேட்டரி இல்லை.

கடைக்காரன் வயரைக் கையில் எடுத்தான். மறுபடி செருகினால் கோடு முடியும். முடிந்தால் எல்லாம் முடியும். செருகவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை.

ஷட்டருக்கு அடியில் குனிந்து, குடையை மடக்கியபடி மனைவி உள்ளே வந்தாள்.

"என்னங்க இப்படி வேர்த்திருக்கு? தம்பி எங்க?"

அவன் ஓடிப்போய்ப் பின்னறை வாசலை இரண்டு கையாலும் மறித்து நின்றான். வயர் கையிலிருந்து தொங்கியது.

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. தெளிவான, குறும்பான குரல்.

"மாமா, டீ சொல்லவா?"

அவள் முகம் மலர்ந்தது. "எனக்கும் சேத்துச் சொல்லுடா!" என்றாள்.

அவன் பிடரியில் வெதுவெதுப்பாக என்னவோ தெறித்தது. அவள் சிரித்துக்கொண்டே, அவன் கையைத் தாழ்த்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.