இடது ஸ்பீக்கர்

எலியாஸின் ஜெபம் இடது ஸ்பீக்கரில் மட்டும் அரை நொடி பிந்தி வந்தது.

ஆம்பூர் தோல் டேனரியில் வாரம் முழுக்கத் தங்கிய காலத்தில், வேலூரில் மனைவி ஜெயபுஷ்பம் தனியாக ஜெபிக்கக் கூடாது என்று அவர் பதிந்து கொடுத்த கேசட் அது. நடுவில் அவள் ஜெபிக்க இடம் விட்டு, கடைசியில் ஆமென் சொல்லுவார். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ஆம்பூர் அறையிலேயே மூச்சுத்திணறி, தனியாக இறந்துபோனார். அப்போது நர்ஸான அவள் இங்கே ஆஸ்பத்திரியில் யாருடைய நாடியையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு, ஜன்னலில் ஆறு மணி வெளிச்சம் மங்கும்போது, அவளுக்காக விட்ட அந்த இடத்தில் ஒரு மூச்சிழுப்புச் சத்தம் கேட்டது. ஸ்பீக்கர் துணியிலிருந்து சுண்ணாம்பில் ஊறிய பச்சைத்தோலின் வாடை மெல்லக் கசிந்தது.

காட்பாடியிலிருந்த அண்ணன் மகன் ஜெஸ்டனுக்கு போன் செய்தாள். இரண்டு ஸ்பீக்கரின் வயர்களையும் மாற்றிப் போடச் சொன்னான். சத்தம் வலது பக்கம் போனால் டெக்கில் கோளாறு. போகவில்லை. இரண்டு வயரையுமே உருவச் சொன்னான். வலது பக்கம் அடங்கியது. இடது பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது.

"இங்க வரைக்கும் கேக்குது. மாமாவை விட ஜாஸ்தியா இழுக்குதே அத்தை," என்று சிரித்தான். "பிளக்கைப் புடுங்குங்க."

அவள் அசையவில்லை. மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. எத்தனையோ கட்டில்களின் ஓரம் கேட்ட கடைசி மூச்சு. அவருடையதை மட்டும் கேட்டதில்லை. பிடுங்கினால் மறுபடியும் தனியாகப் போய்விடுவாரே.

"அத்தை, ஷார்ட் ஆயிடும்."

பிடுங்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

மூச்சு அணையவில்லை.

துணியில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பு. நெஞ்சு போல எழும்பியது. தாழ்ந்தது. எழும்பியது.

நின்றது.

இருபது எண்ணினாள். நாற்பது. அறுபது. நான் பக்கத்துலதான் இருக்கேன் என்று சொல்ல வாய் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

"நின்னுச்சா அத்தை?"

"நின்னுச்சு கண்ணு. நீ வெச்சுடு."

அவள் குரல். ஸ்பீக்கருக்குள்ளிருந்து.

"சரி அத்தை. ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு வர்றேன்."

போன் கட் ஆனது. கை துணியை விட்டு வரவில்லை. திறந்த வாயிலிருந்து இழுப்பு வந்தது. எலியாஸின் இழுப்பு.

அடுத்தது வர, ஐந்து எண்ணினாள்.

அடுத்தது. எட்டு.

அடுத்தது. பதினான்கு.