குழிக்குள்ளிருந்து வந்த பதில்

ஏரிக்கரை நிறுத்தத்தில் பஸ் நின்றபோது வேணிக்கு இறங்கவே மனமில்லை. திருமானூரிலிருந்து நின்றுகொண்டே வந்த கால்வலி ஒரு பக்கம். புருஷன் சிங்காரவேலு செத்த குழிக்கே வேலைக்கு வந்திருக்கிற சலிப்பு ஒரு பக்கம். கொழுந்தன் பிரேம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான்.

கரையோரப் பாதாளச் சாக்கடைக் குழாய் வெடித்துப்போய் வருஷக்கணக்காகக் கழிவுநீர் ஏரியில் கலந்துகொண்டிருந்தது. இப்போதுதான் ஊருக்குள் தெரு வழியாகப் புதுக் குழாய் போட்டு, வீடுகளையெல்லாம் அதற்கு மாற்றியிருந்தார்கள். பழையதை அடைத்து மூடினால் தீர்ந்தது. இந்தப் புண்ணியத்தை இரண்டு வருஷம் முன்பே செய்திருந்தால் சிங்காரவேலு இருந்திருப்பான். விஷவாயு தாக்கி இந்தக் கடைசிக் குழியில்தான் விழுந்தான்.

ஆள் இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் குழாய் வாயில் மண்மூட்டை வைக்க மெஷின் இல்லை. காய்ந்த குழிதானே, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுக் காண்ட்ராக்டர் டீ குடிக்கப் போய்விட்டார். வேணி தடுத்துப் பார்த்தாள். அவளையும் மகள் பூவிழியையும் தாங்குகிறவன் பிரேம் ஒருவன்தான். இவனும் போனால் வீட்டில் வேறு ஆள் கிடையாது.

"இது ஒண்ணுதான் அண்ணி. இதோட இந்தக் கரைப்பக்கமே வர வேணாம்," என்று இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

உள்ளே போனவனை மேலே இருப்பவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் நின்றால் இழுக்க வேண்டும். அவர்களுடைய வேலையில் பாதுகாப்பு என்பது அவ்வளவுதான்.

"தம்பி."

"ம்."

இருட்டுக்குள் மூட்டை உரசும் சத்தம் கேட்டது. அழுகிய முட்டை நாற்றம் மெல்ல மேலேறி வந்தது. வெயில் பிடரியைச் சுட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டு வேணிக்குத் தொண்டை வறண்டு கண் செருகியது. புருஷன் போனதிலிருந்தே அவளுக்கு நல்ல தூக்கம் இல்லை.

"தம்பி."

"ம்."

உரசும் சத்தம் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. பதில்தான் தவறாமல் வந்துகொண்டிருந்ததே. அசதியில் நாக்கு பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது.

"என்னங்க, போதும். மேல வாங்க."

குழி அமைதியாக இருந்தது.

"வரேன்."

அது பிரேமின் குரல் இல்லை.

அந்தக் குரலோடு பத்து வருஷம் குடும்பம் நடத்தியவள் வேணி. கயிற்றை இழுத்தாள். டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்கள் கை கொடுத்தார்கள். பிரேமுக்கு நினைவில்லை, வாயில் நுரை தள்ளியிருந்தது.

பிழைத்துக்கொள்வான் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வேணி பதில் வந்த கதையைச் சொன்னபோது தலையை ஆட்டினார். இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே மயங்கியிருப்பான், அதற்குப் பிறகு பேசியிருக்க வாய்ப்பே இல்லை என்றார்.

சாயந்திரம் குழியைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டதாகத் தகவல் வந்தது. கட்டிலருகில் உட்கார்ந்திருந்த வேணிக்கு, தம்பியைக் காப்பாற்றத்தான் புருஷன் குரல் கொடுத்தாரோ என்று தோன்றியது. அந்த நினைப்பில் நெடுநாளைக்குப் பிறகு மனசாரக் கும்பிட்டாள்.

பிரேம் கண் திறந்தான். அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் கையைப் பிடித்தான். அவன் ஒருநாளும் அவளைத் தொட்டுப் பேசியவன் இல்லை.

"இத்தன நாளும் நீ கூப்புடுவேன்னுதான் இருந்தேன், வேணி," என்றான். "வா, வூட்டுக்குப் போவோம்."