பத்தரை மணிக்கு ஒருவர் விழுவார்!

"காப்பாத்துங்க...! யாராவது காப்பாத்துங்க...!"

அலறல் ரோச்சோர் கால்வாயிலிருந்து வந்தது.

சிங்கப்பூர் தேக்காவின் மாட்டுக் கொட்டகைகளில் புல் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கட்டுகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கால்வாயில் ஒருவன் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தான். கரையில் நல்ல கூட்டம். எல்லோரும் யோசனை சொன்னார்கள். யாரும் குதிக்கவில்லை.

அப்போதுதான் அவர் வந்தார்...

மாட்டு வியாபாரி கோவிந்தசாமி! தேக்காவில் பாதிக் கொட்டகைகளுக்குச் சொந்தக்காரர். கோட்டைக் கழற்றினார். கடிகாரத்தைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தார். மீசையை ஒரு தடவை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

குதித்தார்!

இரண்டு தலைகள் தெரிந்தன... மறைந்தன... ஒருவழியாக இருவரும் ஒருவரையொருவர் பிடித்தபடி கரை சேர்ந்தார்கள்.

கோவிந்தசாமியைக் கூட்டம் தூக்கியது. மற்றவனைப் போலீஸ் தூக்கியது.

* * *

ஆண்டு 1911. லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டு விழா. அதே நாளில் சிங்கப்பூரில் கவர்னர் கையால் வீரப் பதக்கம் வழங்க ஏற்பாடாகியிருந்தது. பதக்கத்துக்கு ஆசைப்பட்டவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். வீரத்துக்குத்தான் ஆள் பஞ்சம்.

அந்தக் குறையைக் கோவிந்தசாமி தீர்த்துவைத்தார். வாழ்க்கை வெறுத்து உயிரை விடப் போனவனைத் தன் உயிரைப் பணயம் வைத்து மீட்டதாகப் பத்திரிகைக்காரரிடம் கண்ணில் நீர் மல்கச் சொன்னார். சும்மா இருந்திருக்கலாம்... உயிரை விடப் போவது சட்டப்படி குற்றமாயிற்றே! மீட்கப்பட்டவன் லாக்கப்புக்குப் போனான்.

அவன் பெயர் ரவூப். சிங்கப்பூர் ஆற்றில் தோணி ஓட்டுகிறவன்.

வழக்கு துப்பறியும் சார்ஜெண்ட் ஒலி முகம்மதுவிடம் வந்தது. வந்த நிமிடமே அவருக்கு மூக்கு வியர்த்தது.

"ஏன் தம்பி," என்றார் கம்பிக்கு வெளியே நின்று. "தோணிக்காரன் சாகணும்னா தண்ணிக்கா வருவான்? மீனு கூட உன்னைப் பாத்துத்தான் நீச்சல் கத்துக்கும்னு ஆத்தங்கரையில சொல்றாங்க."

ரவூப் தலையைக் குனிந்துகொண்டான்.

"மனசு சரியில்ல, நானா."

அவனும் நாகூர், இவரும் நாகூர். அதனால்தான் நானா. மூத்த அண்ணனை அழைப்பதுபோல் அழைத்தானே தவிர, அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

வாசலில் அவன் மனைவி ஜைனப் நின்றிருந்தாள். நிறைமாதம். தன் புருஷன் சாகிற ஆளில்லை என்றும், பிள்ளை பிறக்கும்போது அவன் வெளியில் இருக்க வேண்டும் என்றும் மறுபடி மறுபடி சொன்னாள். ஆறு மாதம் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். யாரோ சொன்னது சரிதான். அதைச் சொல்ல சார்ஜெண்டுக்கு மனம் வரவில்லை.

* * *

கோவிந்தசாமியின் கடைச் சுவரில் புதுப் படம் ஒன்று தொங்கியது. சொட்டச் சொட்ட நனைந்த கோவிந்தசாமி... கூட்டத்தின் தோளில்... கழுத்தில் ரோஜா மாலை!

"அன்னைக்கு எடுத்ததா?"

"அப்பவே எடுத்தது, சார்ஜெண்டு. ஈரம் காயல பாருங்க," என்றார் கோவிந்தசாமி பெருமையாக.

ஈரம் காயவில்லை. மாலையும் வாடவில்லை.

சார்ஜெண்ட் படத்தையே பார்த்தார். காமிரா என்பது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிற சாமான் இல்லை. மூன்று கால் வேண்டும், கறுப்புத் துணி வேண்டும், கண்ணாடித் தகடு வேண்டும், தூக்கிவர ஒரு கூலி வேண்டும். இத்தனையும் கால்வாய்க்கரையில் எதற்குக் காத்திருந்தன?

நேராக மிடில் ரோட்டுக்கு ரிக்ஷா பிடித்தார்.

அங்கே கடை வைத்திருந்த ஜப்பானியப் படக்காரர் தேநீர் கொடுத்து, குனிந்து வணங்கி, கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் உண்மையைச் சொன்னார். அவருக்கு ஒளிக்கத் தோன்றவே இல்லை. கணக்குப்பிள்ளை முதல் நாளே வந்தாராம். பத்தரை மணிக்கு ஒருவர் தண்ணீரில் விழுவார், அதற்குள் வந்து காமிராவை நிறுத்திவிட வேண்டும் என்றாராம்.

"சொன்ன நேரத்துக்கு விழுந்தாரா?"

கொஞ்சம் தாமதம் என்று வருத்தப்பட்டார் படக்காரர். அப்புறம் இன்னொரு விஷயம் சொன்னார். தண்ணீருக்குள் இருக்கும்போதே ஒரு படம் எடுத்தாராம். அதைக் கோவிந்தசாமி பார்த்துவிட்டு, தகட்டை உடைத்துவிடச் சொன்னாராம். நன்றாக விழுந்த படத்தை உடைக்கப் படக்காரருக்கு மனம் வரவில்லை.

சார்ஜெண்ட் பிரதியை வாங்கிப் பார்த்தார்.

சிரித்தே விட்டார்!

* * *

"இது யாரு தம்பி?"

கம்பி வழியே நீண்ட படத்தை ரவூப் பார்த்தான். தண்ணீரில் இரண்டு பேர். ஒருவர் கண் செருகி, வாய் பிளந்து, தலைப்பாகை பறிபோய்க் கிடந்தார். இன்னொருவன் அவரது சட்டைக் காலரை ஒரு கையால் பிடித்துத் தூக்கி, மறு கையால் நீந்திக்கொண்டிருந்தான்.

நீந்துகிறவன் ரவூப்!

அதற்குப் பிறகு அவன் எதையும் மறைக்கவில்லை. தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும், முங்குவதுபோல் நடி, சொந்தமாக ஒரு தோணி வாங்கித் தருகிறேன் என்றார் கோவிந்தசாமி. தண்ணீர் ஏறியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. குதித்ததுமே கல்லாட்டம் கீழே போய்விட்டார்.

"விட்டிருந்தா செத்திருப்பாரு, நானா. கையில மாட்டுன மனுசனை எப்படி விடுறது?"

"இதை ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"வாயைத் தொறந்தா தோணி கிடையாதுன்னு ஆள் அனுப்பிட்டாரு. அதோட... பெரிய மனுசன் பேச்சை நம்புவாங்களா, என் பேச்சையா?"

சார்ஜெண்ட் படத்தை மறுபடி பார்த்தார். இவனுக்குப் பெயர் தற்கொலைக் கேஸ். அவருக்குப் பெயர் வீரர்!

* * *

படத்தை வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"வீரர் பேரு லண்டனுக்குத் தந்தியில போயாச்சு, சார்ஜெண்ட்," என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். "பதக்கத்துல பேரும் வெட்டியாச்சு. கவர்னர் தப்பு செய்ய மாட்டார்."

"அப்ப ரவூப்?"

கால் வழுக்கி விழுந்தான் என்று எழுதிவிடலாம் என்றார் துரை. வழக்கு இல்லை. வெளியே போகலாம். படத்தைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடக்கூடாது.

ஒலி முகம்மது உடுப்பைக் கழற்றி மேஜைமேல் எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். வாசலில் வயிற்றைப் பிடித்தபடி நின்றவள் ஞாபகம் வந்தது. "சரி, சார்," என்றார்.

* * *

முடிசூட்டு விழா நாள். துறைமுக மேடை முழுக்கத் தோரணம். பாண்டு வாத்தியம். கடலில் அலங்கரித்த தோணிகள். அதில் ஒன்றில் துடுப்போடு ரவூப் நின்றான். தோணி வேறொருவருடையது. மூன்று நாளான ஆண் குழந்தை மட்டும் அவனுடையது.

கவர்னர் பதக்கத்தைக் குத்தினார். கோவிந்தசாமி நெஞ்சை நிமிர்த்தினார். கைதட்டல் கடலைத் தாண்டிக் கேட்டது!

கவர்னர் போனதும், பதக்கத்தோடு ஒரு படம் வேண்டும் என்றார் கோவிந்தசாமி. அதே ஜப்பானியர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். பதக்கமும் கால்களும் சேர்ந்து படத்தில் விழவில்லை. ஓர் அடி பின்னால் போகச் சொல்லிக் கையசைத்தார்.

கோவிந்தசாமி போனார்.

இன்னும் ஓர் அடி.

போனார்...

தொப்!

"காப்பாத்துங்க...! யாராவது காப்பாத்துங்க...!"

இந்த முறை குரலில் நடிப்பே இல்லை. மேடையில் நல்ல கூட்டம். எல்லோரும் யோசனை சொன்னார்கள். யாரும் குதிக்கவில்லை.

ரவூப் துடுப்பைப் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றினான். ஒரு காலைத் தோணி விளிம்பில் வைத்தவன், மேடையில் நின்ற சார்ஜெண்டை நிமிர்ந்து பார்த்துச் சந்தேகத்தோடு கேட்டான்.

"நானா... இந்தத் தடவை குதிச்சா எனக்குப் பதக்கமா, கேஸா?"

"அது படத்தைக் கழுவிப் பாத்தாத்தான் தெரியும். நீ குதிடா!"